மலையருவியிலிருந்து தோட்டக் கொட்டகை வரை

நீலகிரியில் வீடு ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். வீட்டின் பின்னே சரிந்து இறங்கும் சிறு தோட்டம். அதன் கோடியில் தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. விதை உருளைக்கிழங்கு, மண்வெட்டி, பூந்தொட்டி, உர மூட்டை ஆகியவை அங்கே கிடக்கின்றன. மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகின்ற ஊர் அது. கொட்டகையில் ஒரு விளக்கு இருந்தால் நன்றாயிருக்குமே என்று வீட்டுக்காரர் எண்ணுகிறார். ஒரு முழக் கம்பியும் ஒரு பல்பும் வாங்கி, வீட்டுச் சுவிட்சிலிருந்து இழுத்துக் கட்டிவிட்டால் போதாதா?

போதாது என்கிறது சட்டம். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அந்த வேலையைச் செய்யவேண்டும். தகுதிச் சான்றிதழ் உடையவர் அதனை மேற்பார்வையிடவேண்டும். வேலை முடிந்தபின் சோதித்து, சோதனையின் முடிவை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒற்றை விளக்குக்கு இத்தனை ஆரவாரமா என்று நகைக்கத் தோன்றும். இந்தக் கையொப்பத்துக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு பகுதி நம் நீலகிரி மலையிலேயே நிகழ்ந்தது.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே உள்ள அருவங்காட்டில், 1903, 1904-ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் கார்டைட் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து; துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரியது. அத்தொழிற்சாலைக்கு வேண்டிய விசை, அண்மையிலுள்ள காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரமாகப் பெறப்பட்டது. தென்னாட்டில் நீர்விசையால் மின்சாரம் எடுத்த மிகப் பழைய முயற்சிகளுள் இதுவும் ஒன்று. மைசூர் சமஸ்தானத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவி, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது 1902-ஆம் ஆண்டில்தான். வடக்கே டார்ஜிலிங்கில், அதுவும் ஒரு தேயிலை மலையே, சித்ராபோங் என்னுமிடத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நிலையம் இயங்கிற்று.

வெடிமருந்து செய்யும் கூடத்தில் ஒரு தீப்பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். எண்ணெய் விளக்கின் திறந்த சுடரை அங்கே கொண்டு செல்ல முடியாது. கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்ட மின்விளக்கு அதனினும் பாதுகாப்பானது. ஆனால் கம்பி பழுதுற்றிருந்தால், பாதுகாப்புக்காக வந்த மின்சாரமே பொறியைக் கக்கும். ஆகவே இம்மலையில் மின்சாரம் தொடக்கத்திலேயே, கம்பியை நன்கு சோதித்துப் பார்த்தே தீரவேண்டிய ஓர் இடத்திற்குத்தான் வந்து சேர்ந்தது.

சோதனைக்கான விதிகள் அதற்கு முன்பே வேறோரிடத்தில் பிறந்துவிட்டன. எடிசனின் விளக்கு பரவத் தொடங்கிய 1882-ஆம் ஆண்டில், லண்டனிலிருந்த தந்திப் பொறியாளர் சங்கம் மின்விளக்குகளால் நேரும் தீ விபத்தைத் தடுப்பதற்கென்று விதிகளை வெளியிட்டது. தலைப்பைக் கவனியுங்கள். தீயைத்தான் அவர்கள் முதலில் அஞ்சினார்கள். மனிதன் உடலில் பாயும் மின்னதிர்ச்சி பின்னரே பெருங்கவலையாயிற்று. நம் நாட்டில் 1903-ஆம் ஆண்டில் ஒரு மின்சாரச் சட்டமும், அதற்குப் பதிலாக 1910-ஆம் ஆண்டில் இந்திய மின்சாரச் சட்டமும் இயற்றப்பட்டன. இந்த 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்றுண்டு. மின்சார ஆய்வாளர் என்னும் அதிகாரியை அரசாங்கம் நியமிக்கலாம் என்று அது கூறியது. மின்சாரம் விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர்; இருவருக்கும் நடுவே நின்று கம்பியைப் பார்ப்பவர் அவர். விபத்து நேர்ந்தால் அவருக்கு அறிவிக்க வேண்டும். விற்பவனே தன் சரக்குக்குத் தானே நற்சான்று எழுதிக்கொள்ளும் நிலை கூடாது என்று, மின்சாரம் பெரும்பாலான ஊர்களை எட்டிக்கூடப் பாராத காலத்திலேயே சிந்தித்திருக்கிறார்கள்.

இனிப் பைக்காராவுக்கு வருவோம்.

உதகைக்கு மேற்கே முக்குறுத்திச் சிகரத்தின் பக்கம் பிறந்து, புல்வெளிகளினூடே நெளிந்து வரும் ஆறு பைக்காரா. தோடர் பெருமக்களுக்கு அது வெறும் நீரோட்டமன்று, தெய்வத்தன்மை வாய்ந்த ஆறு. அதனைக் கடப்பதற்கே அவர்களிடம் கட்டுப்பாடுகள் இருந்தன. மலையின் வடமேற்கு விளிம்பில் அந்த ஆறு திடீரெனக் கீழ்நோக்கிப் பாய்கிறது. மேலே குளிர்ந்த புல்வெளி. கீழே மசினகுடி, சிங்காரா என்னும் காட்டுப் பகுதி. இரண்டுக்கும் இடையே மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு. ஆற்றில் நீர் மிகுதியாக இல்லாவிட்டாலும், இவ்வளவு உயரத்திலிருந்து விழுமாயின் சிறிதளவு நீரே பெருவிசை தரும். இதனைப் பொறியாளர் பலர் பல ஆண்டுகளாகக் கண்டு வியந்தார்கள். வியந்ததோடு நின்றுவிட்டது. இவ்வளவு மின்சாரத்தை எடுத்து யாருக்கு விற்பது?

சென்னை அரசாங்கத்தின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராயிருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் இத்திட்டத்துக்கு ஊக்கமளித்தார். 1927-ஆம் ஆண்டில் மாகாணத்துக்கென மின்சார இலாகா அமைந்தது. 1929-ஆம் ஆண்டு வாக்கில் வேலை முனைப்பாகத் தொடங்கி, 1932-ஆம் ஆண்டில் சிங்காராவில் சக்கரங்கள் சுழன்றன. மேலே கிளென்மார்கனில் தேங்கிய நீர், செங்குத்தான மலைச்சரிவில் பதித்த எஃகுக் குழாய்கள் வழியாக இறங்கி, கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின்மேல் பீச்சாங்குழல் போலப் பாய்ந்தது. கலிபோர்னியாச் சுரங்கப் பகுதியில் பெல்டன் என்பவர் உருவாக்கிய சக்கரம் அது. அந்நாளில் உலகிலேயே மிகுந்த நீர்வீழ்ச்சி உயரமுடைய மின் நிலையங்களுள் ஒன்றாகப் பைக்காரா பேசப்பட்டது. எந்திரங்களையும் குழாய்களையும் ஏற்றி இறக்கச் சரிவிலே தண்டவாளம் இட்டு, வடம் கட்டி இழுக்கும் வண்டியை அமைத்தார்கள். அதில் ஏறிச் செல்பவர், முன்னே வானத்தையும் பின்னே பாதாளத்தையும் தவிர வேறொன்றையும் காணார்.

அந்தக் காடு அன்று மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனது. யானை நடமாட்டமும் மிகுதி. குழாய்க்குப் பாறை பிளந்தவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இடம்பெறவில்லை. பொறியாளர்களின் பெயர்கள் இடம்பெற்றன. அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் பட்டியல் பாதியிலேயே நின்றுவிட்டது.

இப்படிப் பிறந்த மின்சாரம் எங்கே சென்றது? அறுபத்தாறாயிரம் வோல்ட் அழுத்தத்தில் கோபுரங்களின்மேல் ஏறிச் சமவெளிக்கு, கோயமுத்தூருக்குச் சென்றது. அங்கே பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் கவலை இறைத்த மாடுகளின் இடத்தைப் பம்புகள் பிடித்தன. யாருக்கு விற்பது என்ற கேள்வி சில ஆண்டுகளிலேயே மறைந்து, போதவில்லையே என்ற முறையீடு எழுந்தது. ஆற்றின் மேற்பகுதியில் முக்குறுத்தி அணை 1938-ஆம் ஆண்டில் முடிந்தது. சிங்காராவில் வேலை செய்து முடித்து வெளிவந்த நீரையே மீண்டும் பயன்படுத்தி 1952-ஆம் ஆண்டில் மாயாறு நிலையம் எழுந்தது. அதன்பின் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கானடா நாட்டின் துணையோடு குந்தாத் திட்டம் 1956-ஆம் ஆண்டு முதல் உருவாகி, அவலாஞ்சியும் எமரால்டும் ஏரிகளாயின. 1960-ஆம் ஆண்டை ஒட்டி அங்கிருந்தும் மின்சாரம் இறங்கிற்று.

மலையின் நீர் சமவெளிக்கு விளக்கேற்றியது. மலையிலிருந்தவர்களுக்கு? நகரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் அது முன்னே சென்றது. பச்சை இலையை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும் தொழிற்சாலைக்கு விசை வேண்டும்; எண்ணெய் எந்திரத்தை நம்பியிருந்தோர்க்கு மின்சாரம் வரப்பிரசாதம். அந்த இலையைக் கிள்ளிய கைகள் மாலையில் திரும்பிச் சென்ற லயன் வீடுகள் பலவற்றில் அதன் பின்னும் நெடுநாள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே ரீங்காரமிட்டுச் செல்ல, கீழே சிம்னி துடைத்துக் கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு. தலைக்கு மேல் செல்லும் அறுபத்தாறாயிரம் வோல்ட்டை வீட்டுக்கு இழுத்துக்கொள்ள முடியாதென்பது பொறியியல் உண்மை. அதனைப் படிப்படியாகக் குறைத்து 230 வோல்ட்டாக்கித் தர மின்மாற்றியும், கம்பமும், கம்பியும், அவற்றுக்குப் பணமும் வேண்டும். பணம் எந்த வீட்டை நோக்கி முதலில் நடக்கிறது என்பது பொறியியல் விடை சொல்லும் கேள்வியன்று.

வீட்டுக்குள் நுழைந்த மின்சாரத்தைக் கையாள ஒரு புதிய தொழிலாளர் வகுப்பே தோன்றிற்று. ஒயர்மேன் என்ற பெயர் தமிழ்ச்சொல் போலவே நம் ஊர்களில் வழங்கிவிட்டது. தேக்குச் சட்டத்தை மட்டம் பார்த்துச் சுவரில் அறைந்து, அதன்மேல் ரப்பர் உறையிட்ட கம்பியைத் தகரக் கிளிப்புகளால் வரிசை பிசகாமல் பிணைத்து, வட்டக் கட்டையின்மேல் சுவிட்சைப் பொருத்துவது அந்நாளைய வேலைப்பாடு. பழைய பங்களாக்கள் சிலவற்றில் இன்றும் அதனைக் காணலாம். தச்சனுக்குரிய கையும் கணக்கனுக்குரிய கவனமும் அதற்கு வேண்டியிருந்தன.

நேர்த்தியாகக் காணும் வேலை எல்லாம் பாதுகாப்பான வேலையாகி விடாது. ஆகையால் 1937-ஆம் ஆண்டிலும், பின்னர் 1956-ஆம் ஆண்டிலும் இந்திய மின்சார விதிகள் வெளிவந்தன. அரசாங்க உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும், தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரும் இன்றிப் புதிதாக மின்னமைப்பு வேலை எதுவும் செய்யலாகாது என்று 1956-ஆம் ஆண்டு விதிகளின் 45-ஆம் விதி கட்டளையிட்டது. பல்பு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கே விலக்கு. மின்சாரம் வழங்குபவர் இணைப்புத் தருவதற்கு முன் சோதித்தாக வேண்டும் என்றது 47-ஆம் விதி. நம் மாநிலத்தில் இச்சான்றிதழ்களையும் உரிமங்களையும் வழங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் சென்னைக் கிண்டியில் இருக்கிறது.

இவ்விதிகள் கொட்டகைக்கு வந்து நிற்கும்போதுதான் இவற்றின் உயிர் புலனாகும். வீட்டுக் கூடத்தில் நாம் உலர்ந்த தரையில் செருப்போடு நிற்கிறோம். கொட்டகையிலோ ஈர மண், கையிலே நனைந்த மண்வெட்டி, சுற்றிலும் தகரம். மனித உடலின் தடையில் பெரும்பகுதி உலர்ந்த தோலினுடையது. தோல் நனைந்தால் தடை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் ஒரு சுரீர் என்ற வலியோடு தப்பவிடும் பழுது, கொட்டகையில் ஆளை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கொட்டகைக் கம்பியில் இருப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ முப்பது மில்லியாம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, உடல்வழியே சில கணங்கள் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவை ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒரு பொருட்டாகவே கருதாது, அமைதியாக இருந்துவிடும். ஃபியூஸ் கம்பியைக் காப்பது. மனிதனைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடுதான் எர்த் எனப்படும் நிலத்தொடர்பு. தகரச் சுவரையும் சுவிட்சின் உலோகப் பெட்டியையும் தடித்த கம்பியால் நிலத்தில் புதைத்த குழாயோடு இணைப்பார்கள். குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் பரப்பி நீர் ஊற்றுவார்கள். பழுதுற்ற கம்பி தகரத்தைத் தொட்டால், மின்னோட்டம் இவ்வழியே நிலத்துக்கு வெள்ளமெனப் பாய்ந்து ஃபியூஸை உருக்கிவிடும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. பழுது ஓடும் வழி முழுவதற்கும் தடை ஐந்து ஓம் என்றால் 230 வோல்ட்டில் 46 ஆம்பியர் ஓடும். ஃபியூஸ் நொடியில் போய்விடும். தடை ஐம்பது ஓம் என்றால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். ஃபியூஸ் உருகாது. தகரச் சுவர் மின்னேறியபடியே நிற்கும். பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. எர்த் கம்பி கண்ணெதிரே இருக்கிறது, குழியும் இருக்கிறது. பாதுகாப்பு மட்டும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இதனைக் கருவியால் அளந்து எழுதுவதே சான்றளிப்பின் சாரம்.

மற்றொரு சோதனை கம்பியின் உறையைப் பற்றியது. நீலகிரியின் மேற்குப் பகுதியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர்ப் பக்கத்தில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இடையிலோ மூடுபனி. பருத்தி நூல் சுற்றிய பழைய ரப்பர் கம்பிகள் அந்த ஈரத்தைக் குடித்து ஊறும். ரப்பர் வெடித்த இடத்தில் மின்சாரம் துளித்துளியாகக் கசியும். கசிவை அளக்கும் கைக்கருவியைச் சிட்னி எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கினார். மெக்கர் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. ஒரு கைப்பிடியைச் சுழற்ற, பெட்டிக்குள்ளிருக்கும் சிறு டைனமோ ஐந்நூறு வோல்ட் அழுத்தத்தை உண்டாக்கும். முள் கம்பியின் தடையைக் காட்டும். வெளியே செல்லும் மின்னோட்டத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குமேல் கசியலாகாது என்பது நெடுங்காலம் வழங்கிய அளவு. ஐந்து ஆம்பியர் வேலைக்கு அது ஒரு மில்லியாம்பியர். பிற்காலத்து விதியோ ஐந்நூறு வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதித்து ஒரு மெகோம், அதாவது பத்து லட்சம் ஓம் தடையாவது இருக்கவேண்டும் என்கிறது. 230 வோல்ட்டில் அதன் வழியே கசியக்கூடியது கால் மில்லியாம்பியருக்கும் குறைவு.

இன்னும் ஒரு சிறு சோதனை. சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது? மின்னழுத்தமுள்ள ஃபேஸ் கம்பியில் இருக்கவேண்டும். தவறி நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டாலும் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். அணைந்துவிட்டதே என்று பல்பை மாற்றக் கை வைப்பவன்தான் உண்மையை அறிவான். வேலை செய்கிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் முடிந்தபின் ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும் கையொப்பமிட்ட அறிக்கை மின்வாரிய அலுவலகத்துக்குச் செல்லும். அலுவலகப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் அரசாங்க இலாகா மின்சார வாரியமாயிற்று. 2010-ஆம் ஆண்டில் வாரியம் நிறுவனங்களாகப் பிரிந்தது. 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டிலும், மீண்டும் 2023-ஆம் ஆண்டிலும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. தேக்குச் சட்டம் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. ஃபியூஸ் செய்யாததைச் செய்ய, முப்பது மில்லியாம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வந்துவிட்டது. மேற்பார்வையாளரின் கையொப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்கையொப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது சோதனை நடந்த நாளின் நிலையைச் சொல்வது. ஜூலை மழையில் மண் ஊறிக் கிடக்கும்போது எர்த்தின் தடையை அளந்தால் முள் நல்ல செய்தியே காட்டும். பிப்ரவரியில், உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிச் சென்றபின், மழையின்றி மண் வறண்டு கிடக்கும். நீலகிரிச் சரிவுகளில் பல இடங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே பாறை. அப்போது அதே குழி, அதே குழாய், வேறு எண்ணைக் காட்டும். இதனை முன்னிட்டே, ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மீண்டும் ஆய்வு செய்யவேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு விதிகளின் 46-ஆம் விதி கூறியது. அனுபவமுள்ள ஒயர்மேன்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லிப் போவார்கள்: கோடைக்காலத்தில் எர்த் குழியில் வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள் என்று.